பிரேக்கிங் பேட் தொடரை நடுவிலிருந்து பார்த்தவர்கள் ஸ்கைலரைப் பற்றிக் கேட்கும் கேள்விகள்

பிரேக்கிங் பேட் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் கொஞ்ச நேரத்தில் யாராவது ஒருவர் ஸ்கைலரைத் திட்ட ஆரம்பித்துவிடுவார். அவரிடம் எந்த சீசனிலிருந்து பார்த்தீர்கள் என்று கேட்டால், ரூம்மேட் பார்த்துக்கொண்டிருந்தபோது மூன்றாவது சீசனில் உட்கார்ந்தேன், முதல் சீசன் மெதுவாகப் போகும் என்று சொன்னதால் தாண்டிவிட்டேன், ரீல்ஸில் கிளிப் பார்த்துத்தான் வந்தேன் என்று ஏதாவது ஒரு பதில் வரும். அப்படி வந்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கதையின் கடைசி வரை எல்லாவற்றையும் பேசப்போகிறேன், இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

தொடரே பார்க்காதவன் நான். இவர்கள் எல்லாம் யார்?

சரி, சுருக்கமாக. அமெரிக்காவில் ஏஎம்சி சேனலில் 2008 ஜனவரியிலிருந்து 2013 செப்டம்பர் வரை வந்த தொடர். ஐந்து சீசன், மொத்தம் 62 எபிசோடு. உருவாக்கியவர் வின்ஸ் கில்லிகன். கதை நடக்கிற ஊர் நியூ மெக்சிகோ மாநிலத்து அல்புகர்கி. வால்டர் வைட் அங்கே ஒரு பள்ளியில் வேதியியல் வாத்தியார், சம்பளம் போதாமல் பள்ளி முடிந்ததும் கார் கழுவும் இடத்திலும் வேலை பார்க்கிறான். ஐம்பது வயது ஆகிற சமயத்தில் நுரையீரல் புற்றுநோய் என்று தெரிகிறது. குடும்பத்துக்குப் பணம் சேர்க்கவேண்டும் என்று தன் பழைய மாணவன் ஜெஸ்ஸி பிங்க்மனோடு சேர்ந்து மெத் என்கிற போதைப்பொருளைக் காய்ச்சத் தொடங்குகிறான். மனைவி ஸ்கைலர் அப்போது கர்ப்பிணி. மகன் வால்டர் ஜூனியருக்குப் பெருமூளை வாதம், ஊன்றுகோலோடு நடப்பான். ஸ்கைலரின் தங்கை மேரி, அவள் கணவன் ஹேங்க். அந்த ஹேங்க் போதைப்பொருள் தடுப்புப் பிரிவு அதிகாரி என்பதுதான் கதையின் முடிச்சு.

மூன்றாவது சீசனில் ஆரம்பித்தேன். புற்றுநோய் வந்த கணவனை வீட்டைவிட்டு அனுப்பிவிட்டு இன்னொருவனோடு படுக்கிறாள். இவளை எப்படி நல்லவள் என்கிறீர்கள்?

நீங்கள் பார்த்ததை அப்படியே எடுத்துக்கொள்வோம். மூன்றாவது சீசன் திறக்கும்போது வால்டர் வீட்டில் தனியாக இருக்கிறான். மனைவி பிள்ளைகளோடு தங்கை வீட்டில். விவாகரத்துப் பத்திரம் வருகிறது. அவன் பீட்சா வாங்கிக்கொண்டு வாசலில் நிற்கிறான், அவள் கதவை அடைக்கிறாள், அந்த பீட்சாவை அவன் கூரைமேல் விட்டெறிகிறான், அது அங்கேயே ஒட்டிக்கொள்கிறது. மூன்றாவது எபிசோடில் அவள் சொல்லியும் கேட்காமல் வீட்டுக்குள் வந்துவிடுகிறான், அவள் போலீஸைக் கூப்பிடுகிறாள்.

இந்தக் காட்சியை மறுபடி ஒரு தடவை பொறுமையாகப் பாருங்கள். வால்டர் பதறவே இல்லை. கைக்குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு, வந்திருக்கும் போலீஸ்காரரிடம் பணிவாகப் பேசுகிறான். மகன் அப்பா பக்கம் நின்று அம்மாமேல் குற்றம் சொல்கிறான். போலீஸ்காரர் ஸ்கைலரிடம், உங்களை அடித்தாரா, சட்டத்துக்குப் புறம்பாக ஏதாவது செய்தாரா என்று கேட்கிறார். ஒரு நொடி அவள் வாய் திறக்கப்போகிறாள், அப்புறம் இல்லை என்கிறாள். விவாகரத்து வழக்கு இன்னும் முறையாகப் பதிவாகாததால் அவனை வெளியேற்ற வழியில்லை என்று சொல்லிவிட்டு அவர்கள் போய்விடுகிறார்கள்.

இதை மட்டும் பார்த்தால் நோயாளி அப்பன், அழுத்தக்கார மனைவி, பாவம் பிள்ளைகள் என்றுதான் தோன்றும், அப்படித் தோன்றினால் உங்கள்மேல் தப்பில்லை. ஆனால் அந்த ஒரு நொடியில் அவள் எதை விழுங்கினாள் என்பதுதான் அந்தக் காட்சியே. அவன் மெத் காய்ச்சுகிறான் என்று அவளுக்குத் தெரியும். வாயைத் திறந்தால் மகனுக்குத் தன் அப்பா யார் என்று தெரிந்துவிடும், ஹேங்க்கின் வேலை போகும், குடும்பமே செய்தியாகிவிடும். அவள் ஒரு வக்கீலிடம் போய் எல்லாவற்றையும் கொட்டுகிறாள், வக்கீல் உடனே போலீஸுக்குப் போ என்கிறாள், அவளால் முடியவில்லை. அவள் பேசாமல் இருப்பதை வால்டர் நன்றாகக் கணக்குப் போட்டுத்தான் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறான். அப்புறம்தான் டெட். அலுவலக முதலாளி டெட் பெனகியோடு உறவு வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து அதை வால்டரின் முகத்துக்கு நேரே சொல்கிறாள். அது சரியான காரியம் என்று நான் சொல்லவில்லை. தானே வெளியே போகும் அளவுக்கு அவனைக் காயப்படுத்த அவளிடம் வேறு என்ன மிச்சம் இருந்தது என்று யோசித்துப் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் அப்படி என்ன பெரிய பொய் சொல்லிவிட்டான்?

ஒன்றா இரண்டா. நோய் வந்ததையே உடனே சொல்லவில்லை, தனக்குள் வைத்துக்கொண்டே மெத் காய்ச்சக் கிளம்பிவிட்டான். முதல் சீசன் ஐந்தாவது எபிசோடில் பழைய நண்பன் எலியட் வேலை தருகிறேன், சிகிச்சைச் செலவை நான் ஏற்கிறேன் என்கிறான். வால்டர் வேண்டாம் என்கிறான். பின்னால் சிகிச்சைக்குச் சம்மதித்தபோது, பணம் எலியட் தருகிறான் என்று வீட்டில் சொல்லிவிடுகிறான். ஸ்கைலர் அதை நம்பி எலியட்டின் மனைவி கிரெச்சனிடம் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறாள்! குடும்பத்துக்காக என்று அவன் சொல்வதை அளந்து பார்க்க இந்த ஒரு எபிசோடு போதும். பணம் கண் முன்னால் நின்றது, அவன் வாங்கிக்கொள்ளவில்லை.

இரண்டாவது சீசன் முதல் எபிசோடில் சமையலறையில் அவள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல அவளிடம் பலவந்தமாக நடந்துகொள்கிறான். ரவுடி டூகோ அவனையும் ஜெஸ்ஸியையும் கடத்திக்கொண்டு போக, தப்பித்து வந்தவன் காணாமல் போன நாட்களுக்குக் கணக்குச் சொல்ல ஒரு சூப்பர் மார்க்கெட்டில் துணியில்லாமல் நின்று நினைவு தப்பியதுபோல் நடிக்கிறான். அவளுக்குப் பிரசவ வலி என்று செய்தி வரும் நேரத்தில் சரக்கைக் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறான், அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது டெட். இதில் ஒன்றைக்கூட மூன்றாவது சீசனில் ஆரம்பித்தவர் பார்த்திருக்கமாட்டார். டெட்டை அவர் பார்ப்பதே கள்ளக்காதலனாகத்தான்.

இரண்டாவது சீசனின் கடைசி எபிசோடில் ஓர் இடம் இருக்கிறது, அதற்காகவே முதலிலிருந்து பார்க்கலாம். அறுவை சிகிச்சைக்கு முன்னால் மயக்க மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போது ஸ்கைலர் சாதாரணமாக, செல்போனை எடுத்து வைத்தாயா என்று கேட்கிறாள். அரைத் தூக்கத்தில் அவன், எந்த போன் என்று திருப்பிக் கேட்கிறான். தன்னிடம் இரண்டாவது போன் இல்லவே இல்லை என்று அதுவரை சத்தியம் செய்துகொண்டிருந்தவன். அவள் முகம் அப்படியே நிற்கிறது. அதன்பிறகும் அவள் கத்தவில்லை. அவன் உடம்பு தேறும் வரை கூட இருந்து பார்த்துக்கொள்கிறாள், பின்னாலேயே ஒவ்வொன்றாக விசாரிக்கிறாள். கிரெச்சன் ஒரு காசும் தரவில்லை என்று தெரிகிறது, புற்றுநோய் என்பதே அவன் அம்மாவுக்குத் தெரியாது என்று தெரிகிறது. எல்லாம் உறுதியான பிறகுதான் கிளம்புகிறாள். நீங்கள் மூன்றாவது சீசனில் பார்த்த மூடிய கதவுக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

முன்கதைச் சுருக்கம் ஒவ்வொரு எபிசோடு தொடக்கத்திலும் வருகிறதே, அது போதாதா?

போதாது. முன்கதைச் சுருக்கம் இன்றைய எபிசோடுக்குத் தேவையான சம்பவங்களை ஞாபகப்படுத்தும், அவ்வளவுதான். யாருக்கு எது எப்போது தெரிந்தது, எவ்வளவு நாள் தெரியாமல் இருந்தது என்பதை ஒரு நிமிடத்தில் காட்ட முடியாது. ஸ்கைலரின் பாத்திரம் முழுக்க அந்தத் தெரியாமையில் கட்டப்பட்டது. இரண்டாவது சீசனில் அவள் காரணம் சொல்லாமல் வெளியே போய்விட்டு வருவதும், வால்டர் காலை உணவு செய்துவைத்துப் பேச்சுக் கொடுக்கும்போது பதில் பேசாமல் இருப்பதும் எபிசோடு எபிசோடாக நீள்கின்றன. சுருக்கத்தில் அதெல்லாம் ஒரு முறைப்பாக மட்டும் வந்து போகும்.

கால அளவும் நடுவில் வருகிறவர்களைக் குழப்பும். பல வருடமாக இழுபறியில் இருக்கும் தம்பதி என்று நினைத்துக்கொள்கிறார்கள். முதல் எபிசோடில் வால்டரின் ஐம்பதாவது பிறந்தநாள், ஐந்தாவது சீசன் நான்காவது எபிசோடில் ஐம்பத்தொன்றாவது பிறந்தநாள். நான்கு சீசன் முழுக்க நடந்தது ஒரே வருடத்துக்குள்! ஒரு வருடத்துக்கு முன்னால் வீட்டில் வெந்நீர் ஹீட்டர் சரியில்லை என்று மகன் முணுமுணுத்துக்கொண்டிருந்த சாதாரணக் குடும்பம் அது.

"கதவைத் தட்டுகிறவனே நான்தான்" என்று வால்டர் பேசும் கிளிப்பைப் பார்த்துத்தான் தொடருக்கே வந்தேன். அதில் ஸ்கைலர் ஏன் பயந்தாங்கொள்ளி மாதிரி இருக்கிறாள்?

நான்காவது சீசன் ஆறாவது எபிசோடு. தொடரைத் தப்பாகப் புரிந்துகொள்ள வைப்பதில் இந்தக் கிளிப்பை மிஞ்ச ஆளில்லை, பின்னணி இசை வேறு போட்டுச் சுற்றவிடுகிறார்கள்.

நடந்தது இதுதான். தன்னை வேலைக்கு வைத்திருக்கும் போதைப்பொருள் முதலாளி கஸ் ஃப்ரிங் தன்னைக் கொன்றுவிடுவான் என்ற பயத்தில் வால்டர் நாட்களை ஓட்டிக்கொண்டிருக்கிறான். முந்தின எபிசோடில் சாகத்தான் போகிறோம் என்று நினைத்துக் காரில் போகும் வழியில் ஸ்கைலருக்கு அன்பாக ஒரு குரல் செய்தி விட்டான். அவள் அதை மறுபடி போட்டுக் கேட்டு அவன் குரலில் இருந்த பயத்தைப் பிடித்துவிடுகிறாள். ராத்திரி குடித்துவிட்டு ஹேங்க்கின் முன்னாலேயே, கஸ்ஸிடம் மெத் காய்ச்சிச் செத்துப்போன வேதியியலாளன் கேல் ஒன்றும் பெரிய மேதை இல்லை என்று வால்டர் உளறியதையும் அவள் கேட்டிருக்கிறாள். காலையில் அவனிடம் சொல்கிறாள்: நீ ஆபத்தில் இருக்கிறாய், ஒத்துக்கொள், போலீஸிடம் போய்விடலாம். அவள் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. அந்த உண்மை பொறுக்காமல்தான் அவன் வெடிக்கிறான். ஒருவன் கதவைத் திறந்து சுடப்பட்டால் அது நானாக இருக்கும் என்று நினைக்கிறாயா, கதவைத் தட்டுகிறவனே நான்தான் என்கிறான்.

கேலின் கதவைத் தட்டியது ஜெஸ்ஸி. மூன்றாவது சீசன் கடைசியில், வால்டர் சொன்னதற்காக, கண்ணீரோடு சுட்டவன் ஜெஸ்ஸி. இது தெரியாமல் அந்த வசனத்தைக் கேட்டால் சிங்கம் கர்ஜிப்பதுபோல் இருக்கும். தெரிந்து கேட்டால், ஒரு பையன் மனம் நொறுங்கிச் செய்த காரியத்தை மனைவியிடம் தன் பெருமையாகக் காட்டும் ஒருவனைப் பார்ப்பீர்கள்.

அந்தக் கிளிப் முடிந்த பிறகு வருவதை யாரும் வெட்டிப் போடுவதில்லை. ஸ்கைலர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கார் ஓட்டிப் போகிறாள், நான்கு மாநில எல்லைகள் ஒரே புள்ளியில் சந்திக்கும் நினைவுச் சின்னத்துக்கு. நாணயத்தைச் சுண்டுகிறாள், கொலராடோ பக்கம் விழுகிறது. மறுபடி சுண்டுகிறாள், மறுபடியும் கொலராடோ. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, காலால் அந்த நாணயத்தை நியூ மெக்சிகோ பக்கம் இழுத்துவிடுகிறாள். வீட்டுக்குத் திரும்பி வருகிறாள். ஓடிப்போக வழி இருந்தும் மகனை விட்டுவிட்டுப் போக முடியாத ஒருத்தியின் நிலைமையை வசனமே இல்லாமல் சொன்ன இடம் அது. ரீல்ஸில் சுற்றவேண்டியது அதுதான்.

நான் ஐந்தாவது சீசனில் ஆரம்பித்தவன். எனக்கு ஸ்கைலர்மேல் கோபமே வரவில்லை. வால்டர்தான் பிறவி ராட்சசனாகத் தெரிந்தான். ஏன் எல்லாரும் அவனைக் கொண்டாடுகிறார்கள்?

ஐந்தாவது சீசனில் வந்தவர்கள்தான் ஸ்கைலரைச் சரியாகப் பார்க்கிறார்கள். அங்கே அவன் சாம்ராஜ்யம் கட்டுவதாகச் சொல்லிக்கொண்டு திரிகிறான். அவள் பயத்தில் உறைந்துபோயிருக்கிறாள். பிறந்தநாள் விருந்தில் உடுப்போடு நீச்சல் குளத்துக்குள் இறங்குகிறாள், பிள்ளைகளைத் தங்கை வீட்டுக்கு அனுப்ப அவளுக்குக் கிடைத்த வழி அது. உன் புற்றுநோய் திரும்பி வரக் காத்திருக்கிறேன் என்று அவனிடமே சொல்கிறாள். முன்கதை எதுவும் தெரியாதவருக்கும் இது புரியும்.

ஆனால் வால்டரைப் பாதி தவறவிட்டீர்கள். முதல் சீசனில் கிரேசி எயிட் என்கிற ஆளை ஜெஸ்ஸியின் வீட்டுக் கீழ்த்தளத்தில் கட்டி வைத்திருக்கிறார்கள். கொல்லவேண்டும், ஆனால் வால்டரால் முடியவில்லை. காகிதத்தில் இரண்டு பக்கம் போட்டுக் கொல்லலாமா விடலாமா என்று காரணங்களை எழுதுகிறான், ஒரு பக்கம் நிறைய இருக்கிறது, இன்னொரு பக்கத்தில், விடுவித்தால் உன் குடும்பத்தையே கொன்றுவிடுவான் என்ற ஒரே வரி. அவனுக்கு ரொட்டியின் ஓரம் பிடிக்காது என்று தெரிந்ததும் ஓரத்தை வெட்டிவிட்டு சாண்ட்விச் கொண்டுபோய்க் கொடுக்கிறான். இருவரும் உட்கார்ந்து பீர் குடித்துப் பேசுகிறார்கள். விட்டுவிடலாம் என்று சாவியை எடுக்கப் போனவனுக்குச் சந்தேகம் தட்டி, குப்பையில் கிடக்கும் உடைந்த தட்டின் துண்டுகளை எடுத்து ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கிறான். கத்தி மாதிரி ஒரு துண்டு மட்டும் இல்லை. அதன் பிறகு நடந்த கொலையில் அவன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே அழுகிறான்.

இந்த மனிதனைத் தெரிந்தவர்களுக்குத்தான் ஐந்தாவது சீசனில் ஒரு சிறுவன் சுடப்பட்ட பிறகு அவன் விசில் அடித்துக்கொண்டு வேலை பார்ப்பது வயிற்றைப் பிசையும். நல்ல வாத்தியார் ஒருவரைக் கொஞ்சம் கொஞ்சமாக வில்லனாக மாற்றுவதுதான் இந்தத் தொடர் என்று கில்லிகன் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். மாறிக்கொண்டே இருக்கும் ஆளை எந்த இடத்தில் பார்க்க ஆரம்பித்தாலும் வேறொரு ஆளாகத்தான் தெரிவான். முதல் சீசனில் நீங்கள் கண்ணீர் விட்டிருப்பீர்கள், மூன்றில் பரிதாபப்பட்டிருப்பீர்கள், ஐந்தில் பயப்படுகிறீர்கள்.

ஜெஸ்ஸியைப் பற்றிச் சொல்லுங்கள். நான்காவது சீசனில் பார்த்தேன், ஊதாரிப் பையனாகத் தெரிந்தான்.

நான்காவது சீசனில் வீடு முழுக்கப் பெரிய ஸ்பீக்கர், ராப்பகலாகக் கூத்து, யார் யாரோ வந்து தரையில் கிடக்கிறார்கள், அவன் நோட்டுகளைக் காற்றில் விட்டெறிகிறான். கேலைச் சுட்ட பிறகு தனியாக ஓர் அறையில் இருக்க முடியாமல்தான் இத்தனை சத்தம். அந்தச் சீசனிலேயே கொஞ்சம் தள்ளி, போதைமீட்புக் கூட்டம் ஒன்றில் ஒரு நாயைக் கொன்றதாகச் சொல்லி அழுவான். நாய் என்று அவன் சொல்வது யாரை என்று முந்தின சீசன் பார்த்தவருக்கு மட்டும்தான் தெரியும்.

முதல் சீசனில் தம்பியின் அறையில் கிடைத்த கஞ்சாவுக்குத் தான் பழி ஏற்றுக்கொண்டு வீட்டைவிட்டு வெளியே போவான், பெற்றோருக்கு உண்மை தெரியவே தெரியாது. இரண்டாவது சீசனில் திருடப்பட்ட சரக்கை மீட்க போதைக்கு அடிமையான ஒரு தம்பதியின் வீட்டுக்குத் துப்பாக்கியோடு போனவன், அங்கே பசியோடு இருக்கும் குட்டிப் பையனைப் பார்த்துவிட்டு அவனுக்குச் சாப்பாடு கொடுத்து, முகத்தை மூடித் திறந்து விளையாட்டுக் காட்டுவான். குழந்தைகள் என்றால் அவன் உடைந்துபோவது அங்கேயே தொடங்கிவிட்டது. ஐந்தாவது சீசனில் வேறொரு சிறுவன் சுடப்பட்டுச் சாகும்போது அவன் ஏன் தொழிலையே விடுகிறேன் என்கிறான் என்று புரிய இதெல்லாம் வேண்டும். முதல் சீசனிலேயே செத்துப்போக இருந்த பாத்திரம் இது, ஜெஸ்ஸியாக நடித்த ஆரன் பாலின் நடிப்பைப் பார்த்துத்தான் வைத்துக்கொண்டார்கள்.

ஹேங்க், மேரி, கஸ்?

ஹேங்க்கை நான்காவது சீசனில் முதன்முதலாகப் பார்த்தால், படுக்கையில் கிடந்துகொண்டு கற்களை ஆராய்ந்து மனைவியிடம் எரிந்து விழும் ஆள். அதற்கு முன் டெக்சாஸ் எல்லையில் அவன் கண் முன்னால் சக அதிகாரிகள் வெடிகுண்டில் செத்தார்கள், பயத்தில் கை நடுங்குவதை யாரிடமும் சொல்லாமல் மறைத்தான், கடைசியில் கார் நிறுத்துமிடத்தில் குண்டடி பட்டான். மேரி வீடு பார்க்கப் போகிறேன் என்று போய்ப் பொருள் திருடுவது வேடிக்கைக்கு வைத்த காட்சி மாதிரி இருக்கும், முதல் சீசனிலேயே அவளுக்கு அந்தப் பிரச்சினை இருந்தது, மனம் தாங்காதபோது திரும்பி வருகிறது. கஸ் நான்காவது சீசன் முதல் எபிசோடில் ஒரு வார்த்தை பேசாமல் தன் ஆளின் கழுத்தையே அறுக்கிறான். முந்தின சீசனில் கோழிக் கடையில் வாடிக்கையாளருக்குப் புன்னகையோடு பரிமாறிக்கொண்டிருந்தவன் என்று தெரிந்தால் அந்த மௌனம் இன்னும் பயங்கரம்.

முதலிலிருந்து பார்த்தவர்களும் ஸ்கைலரைத் திட்டுகிறார்களே, அப்போது நடுவில் பார்ப்பதை மட்டும் எப்படிக் குறை சொல்வது?

நியாயமான கேள்வி. ஸ்கைலராக நடித்த ஆனா கன் 2013 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸில் இதைப் பற்றியே எழுதினார். அந்தப் பாத்திரத்தை வெறுப்பதற்கென்றே இணையத்தில் பக்கங்கள் இருந்தன, வெறுப்பு மெல்ல நடிகைமேலேயே திரும்பியது, அவர் எங்கே இருக்கிறார் என்று சொல்லுங்கள், கொன்றுவிடுகிறேன் என்று ஒருவர் எழுதும் அளவுக்குப் போனது. அதே பாத்திரத்துக்காக 2013லும் 2014லும் எம்மி விருது வாங்கினார் என்பது வேறு விஷயம்.

முதலிலிருந்து பார்ப்பவருக்கு வேறொரு சிக்கல். முதல் காட்சியிலிருந்தே கேமரா வால்டர்கூடப் போகிறது. அவன் ரகசியம் நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அதனால் அவள் எங்கே போனாய் என்று கேட்கும்போதெல்லாம் மாட்டிக்கொள்வோமோ என்று நமக்குத்தான் படபடக்கிறது, நம்மை அறியாமல் நாம் அவனுடைய கூட்டாளி ஆகிவிடுகிறோம். ஒரு மனைவி கேட்கவேண்டிய கேள்வி கதையை நிறுத்துகிற தொந்தரவாகத் தெரிகிறது. நடுவில் வந்தவருக்கு இந்தக் கூட்டாளித்தனம் இல்லை, ஆனால் கையில் ஆதாரமும் இல்லை, அந்த எபிசோடில் யார் அழுகிறாரோ அவர் பக்கம் சாய்ந்துவிடுகிறார். இரண்டு தப்பும் வேறு வேறு. முதலிலிருந்து பார்த்தவர் மறுபடி பார்த்தால் திருத்திக்கொள்ள எல்லாம் அவர் கையில் இருக்கிறது, அதனால்தான் இரண்டாவது தடவை பார்த்தவர்களில் பலர் ஸ்கைலர் பக்கம் வந்துவிடுகிறார்கள்.

அப்போது ஸ்கைலர் அப்பழுக்கில்லாதவளா?

இல்லை. டெட்டின் கணக்குகளில் மோசடி இருப்பது தெரிந்தே அங்கே இருந்தாள். கர்ப்பமாக இருக்கும்போது சிகரெட் பிடித்தாள். கார் கழுவும் இடத்தை வாங்கி வால்டரின் கறுப்புப் பணத்தை வெள்ளையாக்கும் கணக்கை எழுதியது அவளேதான். அவனுக்குத் தெரியாமல் 6 லட்சம் டாலருக்கு மேல் எடுத்து டெட்டின் வரி பாக்கிக்குக் கொடுத்தாள், அதனால் உயிர் தப்பிக்கப் பணம் தேவைப்பட்ட நேரத்தில் வால்டரிடம் பணம் இல்லை. ஐந்தாவது சீசனில் ஜெஸ்ஸியைக் கொன்றுவிடலாமே, இவ்வளவு தூரம் வந்தாயிற்று, இன்னும் ஒன்றுதானே என்று சொல்கிற இடம் என்னை மிகவும் வருத்திய இடம். அவள் அங்கே வந்து சேர்ந்த பாதையைப் பார்த்தால்தான் அது வருத்தும். நல்லவள் என்று சான்றிதழ் கொடுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. வால்டருக்குக் காட்டுகிற பொறுமையில் கால்வாசி அவளுக்கும் காட்டினால் போதும்.

வால்டர் போனில் ஸ்கைலரைக் கேவலமாகத் திட்டும் கிளிப் பார்த்தேன். அது அவன் மனதில் இருந்ததுதானே?

ஐந்தாவது சீசன் பதினான்காவது எபிசோடு. அந்த அழைப்பைப் போலீஸ் கேட்டுக்கொண்டிருக்கிறது, கேட்கிறது என்று வால்டருக்கும் தெரியும். எல்லாவற்றையும் தானே செய்ததாகவும், அவளுக்கு எதுவும் தெரியாது, மிரட்டியே வைத்திருந்ததாகவும் போலீஸ் நம்பவேண்டும் என்றுதான் அப்படிப் பேசுகிறான். பேசிக்கொண்டே அழுகிறான், அவளும் பாதியில் புரிந்துகொள்கிறாள். நடிப்புக்குள் உண்மையான ஆத்திரமும் கொஞ்சம் கலந்திருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் கிளிப்பில் போலீஸ் இல்லை, அழுகையும் பல சமயம் வெட்டப்பட்டிருக்கும், மிஞ்சுவது வசை மட்டும். அதைக் கேட்டுக் கைதட்டுகிறவர்கள், அவன் போலீஸுக்காகப் போட்ட வேஷத்துக்குக் கைதட்டுகிறார்கள்.

நடுவில் வருவது இப்போது வந்த பழக்கமா?

அந்தக் காலத்திலேயே உண்டு. முதல் எபிசோடை அமெரிக்காவில் ஒளிபரப்பு நாளில் பார்த்தவர்கள் சுமார் 14 லட்சம் பேர், கடைசி எபிசோடை ஒரு கோடியைத் தாண்டி. அதாவது பெரும்பாலானவர்கள் பின்னால் வந்து சேர்ந்தவர்கள். அதில் நிறையப் பேர் நெட்ஃபிளிக்ஸில் பழையதைப் பார்த்துவிட்டு வந்தார்கள், 2013இல் எம்மி வாங்கியபோது தொடர் தப்பித்ததே அதனால்தான் என்று கில்லிகனே சொன்னார். முதலிலிருந்து பார்க்க வழி இருந்ததால் வந்த கூட்டம் அது. இன்று அந்த வழி கையிலேயே இருந்தும் கிளிப் வழியாக நுழைகிறோம்.

வால்டரின் வக்கீல் சாலை வைத்து எடுத்த கிளைத் தொடர் பெட்டர் கால் சால் கதைப்படி முன்னால் நடக்கிறது. அதை முதலில் பார்க்கலாமா?

வேண்டாம். 2015 முதல் 2022 வரை வந்த அந்தத் தொடரின் முதல் எபிசோடே பிரேக்கிங் பேட் முடிந்த பிறகு நடக்கும் கறுப்பு வெள்ளைக் காட்சியோடுதான் திறக்கிறது. அதை முதலில் பார்த்தால் யார் இந்த மீசைக்காரர், ஏன் இப்படிப் பயந்து பயந்து பார்க்கிறார் என்றே புரியாது. கோமாளி வக்கீலாகச் சிரிக்க வைத்த சாலுக்குப் பின்னால் இப்படி ஒரு வாழ்க்கையா என்று திகைக்கவேண்டுமென்றால் முதலில் சிரித்திருக்கவேண்டும்.

நேரமே இல்லை. ஸ்கைலரைப் புரிந்துகொள்ள எந்த எபிசோடுகளைப் பார்த்தால் போதும்?

முதல் இரண்டு சீசன் சேர்த்து 20 எபிசோடுதான், சுமார் 16 மணி நேரம். எழுத்தாளர்கள் வேலைநிறுத்தத்தால் முதல் சீசன் 7 எபிசோடிலேயே முடிந்துவிட்டது, ஒரு வாரக் கடைசியில் முடித்துவிடலாம். அதுவும் முடியாது என்றால் முதல் சீசனில் முதல் எபிசோடும் ஐந்தாவதும், இரண்டாவது சீசனில் முதலாவது, நான்காவது, அப்புறம் கடைசி மூன்று. இதைப் பார்த்துவிட்டு, நீங்கள் ஏற்கெனவே பார்த்த மூன்றாவது சீசன் மூன்றாவது எபிசோடை மறுபடி போடுங்கள், போலீஸ்காரர் கேள்வி கேட்கும் இடத்தில் வால்டரை விட்டுவிட்டு ஸ்கைலரின் முகத்தை மட்டும் கவனியுங்கள்.

எல் கமீனோ படத்தை எப்போது பார்க்கலாம்?

62 எபிசோடும் முடிந்த பிறகு. 2019இல் வந்தது, கடைசிக் காட்சியில் ஜெஸ்ஸி காரில் தப்பிப் போகிறானே, அங்கிருந்து தொடங்குகிறது. ஸ்கைலர் அதில் வரமாட்டாள்.